பெரோவ்ஸ்கைட் படலம் காட்டும் குறைகள்: ஈரக்காற்று ஊரில் பிழை நீக்கும் வழிமுறை

கரைசலைச் சொட்டி, சுழற்றி, சூடாக்கினால் சூரிய மின்கலம் ஆகிவிடும் என்பதுதான், ஒளியை உறிஞ்சி மின்சாரமாக்கும் படிகப் பொருளான பெரோவ்ஸ்கைட்டின் கவர்ச்சி. சிலிக்கானை உருக்க 1400 டிகிரிக்கு மேல் வேண்டும். இதற்கு 100 டிகிரி ஹாட் பிளேட் போதும். 2009-இல் ஜப்பானில் மியாசகா குழுவின் கையில் 3.8 சதவீதத் திறன் காட்டிய பொருள் இப்போது 26 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. ஆனால் நாம் படித்துப் பின்பற்றும் செய்முறைகளில் பெரும்பாலானவை நைட்ரஜன் நிரப்பிய, வெளிக்காற்று புகாத குளோவ் பாக்ஸ் பெட்டிக்குள் தேறியவை. அதே தாளைக் காலாப்பட்டிலோ சிதம்பரத்திலோ விரித்து வைத்து, திறந்த மேசையில் செய்து பாருங்கள். தாளில் எழுதாத ஒரு பொருள் கலவையில் தானாகவே சேர்ந்துவிடும்: வங்கக் கடலின் ஈரம்.

கலம் தேறவில்லை என்றதும் பலரும் முதலில் கலவையைத்தான் மாற்றுகிறார்கள். கொஞ்சம் சீசியம், கொஞ்சம் புரோமைடு, போன வாரம் வந்த ஆய்வுத்தாளில் பார்த்த புதுச் சேர்மானம் ஒன்று. என் கட்சி வேறு. காற்று, நேரம், கரைசலின் வயது இந்த மூன்றையும் பார்த்து முடிக்காமல் கலவையில் கை வைக்கக் கூடாது. படலம் என்ன நிறத்தில் இருக்கிறது, அந்த நிறம் எந்த நொடியில் வந்தது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். அதனால் இங்கே அறிகுறிகளை அந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்: முதலில் கண்ணுக்குத் தெரிவது, பிறகு மீட்டரில் தெரிவது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படைச் செய்முறை

எல்லாரும் கை பழகுவது மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடில். 1.2 மோலார் செறிவுக்கு ஒரு மில்லிலிட்டர் கரைப்பானில் 553 மில்லிகிராம் லெட் அயோடைடு, 191 மில்லிகிராம் மெத்தில் அம்மோனியம் அயோடைடு. கரைப்பான் நான்கு பங்கு டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு), ஒரு பங்கு டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு). 60 டிகிரியில் கலக்கி, ஆறவிட்டு, வடிகட்டி, கண்ணாடித் துண்டின்மேல் சொட்டி, ஸ்பின் கோட்டர் என்னும் சுழற்றும் கருவியில் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 30 நொடி சுழற்றுவது. இடையில், ஏறத்தாழ எட்டாவது பத்தாவது நொடியில், குளோரோபென்சீன் 150 மைக்ரோலிட்டர் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். பிறகு ஹாட் பிளேட்டில் 100 டிகிரியில் 10 நிமிடம் அனீலிங், அதாவது சூட்டில் பதப்படுத்துவது. எல்லாம் சரியாக அமைந்தால் 400 முதல் 500 நானோமீட்டர் தடிமனில், முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் கரும்பழுப்புப் படலம் கிடைக்கும்.

அந்த 30 நொடிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால்தான் கீழே வருவது எதுவும் பொருள்படும். சுழலும்போது கரைசல் மெலிந்து, கரைப்பான் ஆவியாகி, உப்புகளின் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. கரையும் எல்லையைத் தாண்டியதும் படிகக் கருக்கள் தோன்றும். மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மெதுவாகக் காய்ந்தால் கருக்கள் சில மட்டுமே விழுந்து, அவையே பெருத்து, கல் உப்பாக நிற்கும் அல்லவா, அதே கணக்குதான். நமக்குக் கல் உப்பு ஆகாது. கண்ணாடி முழுதும் இடைவெளியில்லாமல் நுண்ணிய கருக்கள் ஒரே நேரத்தில் விழ வேண்டும். அதற்குத்தான் ஆன்டிசால்வென்ட்: உப்பைக் கரைக்காத, ஆனால் டிஎம்எஃப்போடு கலந்துவிடும் ஒரு திரவம் சட்டென்று கரைப்பானை இழுத்துக்கொள்ள, செறிவு ஒரே தாவலில் எல்லையைக் கடக்கிறது. அந்த நேரத்தில் டிஎம்எஸ்ஓ லெட் அயோடைடைப் பிடித்துக்கொண்டு ஓர் இடைநிலைப் படலமாக நிற்கிறது. ஹாட் பிளேட்டில் அது விலகும்போதுதான் உண்மையான பெரோவ்ஸ்கைட் படிகம் உருவாகிறது. இந்த உத்தியை 2014-இல் தென்கொரியக் குழு ஒன்று டொலுவீனை வைத்துக் காட்டியது. இன்றைய செய்முறைகளில் பாதிக்குமேல் அதன் வழித்தோன்றல்கள்தாம்.

அறிகுறி: காலையில் செய்தது நன்றாக வருகிறது, மதியத்துக்குமேல் செய்தது கெடுகிறது

இதை முதலில் வைக்கக் காரணம், மற்ற அறிகுறிகளில் பாதி இதன் பிள்ளைகள் என்பதே. நம் கரையோரத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்புகிறது. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்று அறைக்குள் வருகிறது. வெப்பமானி பழைய எண்ணையே காட்டும். ஈரம் மட்டும் ஏறியிருக்கும்.

இங்கே ஒரு கணக்கு. ஆய்வுத்தாளில் "25 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம்" என்றிருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 7 கிராம் நீராவி. நம் ஏசி அறை 24 டிகிரி, 60 சதவீதம் என்றால் 13 கிராம். மழைக்காலத்து வெளிக்காற்று 28 டிகிரியில் 85 சதவீதம் என்றால் 23 கிராம். சதவீதத்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவதில் பயனில்லை. வெப்பநிலையோடு சேர்த்து எழுதுங்கள், அல்லது பனிநிலையாக மாற்றி எழுதுங்கள். 24 டிகிரி, 60 சதவீத அறையின் பனிநிலை ஏறத்தாழ 16 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின்மீதும் நீர் படியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கரைசல் புட்டியை உடனே திறக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். மூடியோடு மேசைமேல் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

ஏசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்ரெசர் ஓடும்வரைதான் அது ஈரத்தை இறக்கும். அறை குளிர்ந்து கம்ப்ரெசர் நின்றதும் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்ச் சுருளில் தேங்கிய நீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்பும். 18-இல் வைத்தால் ஈரம் குறையும் என்ற நம்பிக்கை பல ஆய்வகங்களில் உண்டு. குளிர்ந்த அறையில் அதே நீராவி இன்னும் உயர்ந்த ஈரப்பதமாகத் தெரியும் என்பதுதான் உண்மை. ஈரப்பதமானியைக் கதவருகே மாட்டாமல் ஸ்பின் கோட்டரின் கிண்ணத்தை ஒட்டி வையுங்கள்; ஏசியின் ஏற்ற இறக்கம் அதில் அப்படியே தெரியும்.

தீர்வு அறை முழுவதையும் வறட்டுவது அல்ல, ஸ்பின் கோட்டரை மட்டும் வறட்டுவது. அக்ரிலிக் பலகையில் ஒரு பெட்டி, கை நுழைய இரண்டு துளை, உள்ளே சிலிக்கா ஜெல் தட்டு, ஒரு பக்கத்தில் மெல்லிய நைட்ரஜன் ஓட்டம். இவ்வளவு போதும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் வறுத்தெடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இதை அன்றாட வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நைட்ரஜன் சிலிண்டர் இல்லாமல் கம்ப்ரெசர் காற்றை நேராக விடுபவர்கள் நடுவில் ஒரு உலர்த்தியும் எண்ணெய் வடிகட்டியும் போட வேண்டும். கம்ப்ரெசர் காற்று வறண்டது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் கொட்டும்.

ஈரம் முழுக்க எதிரி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 30 சதவீதத்தை ஒட்டிய காற்றில் அனீலிங் செய்தால் படிகக் குருணைகள் பெரிதாகி, திறன் கூடுகிறது என்று 2014-லேயே காட்டியிருக்கிறார்கள். படிகக் கரு விழும் அந்தச் சில நொடிகளில்தான் ஈரம் கெடுதி செய்கிறது. படிகம் வளரும்போது சிறிதளவு உதவவும் செய்யும். ஆகவே பெட்டிக்குள் இருக்க வேண்டியது ஸ்பின் கோட்டர். ஹாட் பிளேட் வெளியே இருந்தாலும் பெரிய மோசம் இல்லை.

அறிகுறி: படலத்தின்மேல் வெண்மூட்டம், பளபளப்பு இல்லை

எப்போது வந்தது என்று பாருங்கள். இதற்காகவே ஒரு முறை கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆன்டிசால்வென்ட் ஊற்றும் முன்பே கண்ணாடி மங்கிவிட்டால், நீங்கள் தாமதம். கருக்கள் ஏற்கெனவே விழத் தொடங்கிவிட்டன. அறை சூடாகவோ, சுழல்வேகம் கூடவோ இருந்தால் அந்தத் தருணம் முன்னால் நகர்ந்துவிடும். கிண்ணத்தில் நைட்ரஜன் ஓட்டத்தைக் கூட்டினாலும் அப்படியே. தாளில் பத்தாவது நொடி என்றிருப்பது அவர்களுடைய அறைக்கு. நம் அறையில் அது ஏழாகவும் இருக்கலாம். ஆன்டிசால்வென்டே ஊற்றாமல் ஒரு கண்ணாடியைச் சுழற்றி, மங்கல் எந்த நொடியில் வருகிறது என்று பாருங்கள். அதற்கு இரண்டு மூன்று நொடி முன்பு ஊற்றினால் சரியாக இருக்கும். பருவம் மாறும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது, புதுச் சேர்மானம் எதையும்விட மலிவு.

ஆன்டிசால்வென்ட் விழுந்த கணத்தில் மங்கினால் இரண்டு சந்தேகம். ஒன்று, அந்தப் புட்டியே ஈரம் குடித்திருக்கிறது. இன்னொன்று, அது மிக வேகமாக ஆவியாகிறது. ஆன்டிசால்வென்டாகச் சிலர் ஊற்றும் டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி, கத்திரி வெயிலில் மின்சாரம் போன அறையில் அது பிப்பெட்டுக்குள்ளேயே கொதித்து, கேட்காமலே சொட்டும். ஆவியாகும்போது படலத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால், பரப்பு பனிநிலைக்குக் கீழே இறங்கி நுண்ணிய நீர்த்துளி படியவும் வாய்ப்பு உண்டு. நம் ஊருக்கு ஈதர் வேண்டாம் என்பதே என் எண்ணம். குளோரோபென்சீன் 132 டிகிரியில் கொதிப்பது, நிதானமானது. ஆனால் நச்சு, ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் கட்டாயம். எத்தில் அசிட்டேட்டை நான் இன்னும் விரும்புவேன்: நச்சு குறைவு, விலை குறைவு. கொஞ்சம் நீரைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. அதனாலேயே ஈரமான காற்றில் செய்யும் செய்முறைகளில் அது நிலைத்துவிட்டது.

ஹாட் பிளேட்டில் வைத்த பிறகு மங்கினால் நேரத்தையும் டிஎம்எஸ்ஓவையும் பாருங்கள். ஸ்பின் கோட்டரிலிருந்து எடுத்த படலம் வெளிர்பழுப்பாகத் தெளிந்து இருக்க வேண்டும். அதை ஈரக்காற்றில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் போயிற்று. டிஎம்எஃப், டிஎம்எஸ்ஓ இரண்டும் நீரை வாங்கும் குணமுடையவை. டிஎம்எஸ்ஓவின் கொதிநிலை 189 டிகிரி என்பதால் அது மெதுவாகவே வெளியேறும். அளவுக்கு மிஞ்சியிருந்தால் மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். அடியில் சிக்கிய கரைப்பான் பிறகு வெளியேறும்போது படலத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே பள்ளங்கள் விழும். மேலிருந்து நுண்ணோக்கியில் பார்த்தால் அழகாகவே தெரியும், கலம் மட்டும் வேலை செய்யாது. கணக்குப்படி ஒரு லெட் அயோடைடு மூலக்கூறுக்கு ஒரு டிஎம்எஸ்ஓ போதும், 1.2 மோலார் கரைசல் ஒரு மில்லிலிட்டருக்கு அது 85 மைக்ரோலிட்டர்தான். நான்குக்கு ஒன்று என்ற வழக்கமான விகிதம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். குறைத்துப் பார்க்க நிறைய இடம் இருக்கிறது.

அறிகுறி: மஞ்சள் போகவில்லை, அல்லது கருத்த படலம் மஞ்சளாகத் திரும்புகிறது

மஞ்சளில் மூன்று சாதி உண்டு. மூன்றையும் ஒன்றாகப் பார்த்து "சிதைந்துவிட்டது" என்று எழுதி வைத்த குறிப்பேடுகள் ஏராளம்.

முதலாவது, மீந்த லெட் அயோடைடு. எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) 12.7 டிகிரிக் கோணத்தில் முகடு எழும். பெரோவ்ஸ்கைட்டின் முகடு 14.1-ஐ ஒட்டி இருக்கும். எத்தனை சூடாக்கினாலும் இந்த மஞ்சள் போகாது. அதிகம் சூடாக்கினால் கூடும், ஏனென்றால் மெத்தில் அம்மோனியம் அயோடைடுதான் முதலில் பறந்துபோகும். மிகப் பலருக்கு இது வருவது தராசுத் தட்டில். மெத்தில் அம்மோனியம் அயோடைடு ஈரம் உறிஞ்சும் உப்பு. திறந்த புட்டியிலிருந்து எடுத்து நிறுக்கும்போது 191 மில்லிகிராமில் நூற்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால், உப்பு 185 மட்டுமே. அந்த அளவுக்கு லெட் அயோடைடு மிஞ்சும். ஓரளவு மிகுதி படிக எல்லைகளில் குறைகளை மூடி நன்மையும் செய்யும் என்பதால், திறன் எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. நாளடைவில் வெளிச்சத்தில் அதுவே சிதைவைத் தொடங்கிவைக்கும். நிறுப்பதற்கு முன் உப்பை வெற்றிடத்தில் உலர்த்தி, சிறு புட்டிகளில் பிரித்து வைத்துக்கொள்வதே வழி. பெரிய புட்டியை மாதம் முழுதும் திறந்து மூடுவது வேண்டாம்.

இரண்டாவது, ஃபார்மமிடினியம் லெட் அயோடைடின் மஞ்சள் உருவம். இந்தச் சேர்மம் அறைச் சூட்டில் கருப்பாக இருக்க விரும்புவதில்லை. 150 டிகிரியில் கருத்து, ஆறியபின் ஈரம் பட்டால் மஞ்சளாகிவிடும். எக்ஸ்ஆர்டியில் 11.8 டிகிரியில் முகடு. அடையாளம் காண எளிய வழி: மீண்டும் 150 டிகிரியில் வையுங்கள். கருத்தால் இதுதான். தீர்வு சிறிது சீசியம் சேர்ப்பது. கலவையில் கை வைக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் சில இடங்களில் இது ஒன்று. 2016-இல் சீசியம், ஃபார்மமிடினியம், மெத்தில் அம்மோனியம் மூன்றையும் கலந்த செய்முறை பரவியதற்கு முக்கியக் காரணமே, சின்னச் சின்னப் பிசகுகளை அது மன்னித்ததுதான். ஈரக்காற்று ஊருக்கு மன்னிக்கும் கலவை நல்லது.

மூன்றாவது, நீரேற்றம். மெத்தில் அம்மோனியம் படலம் ஈரக்காற்றில் நின்று வெளிறிப்போனால், பாதி நேரம் அது முழுச் சிதைவு அல்ல. நீர் மூலக்கூறு படிகத்துக்குள் நுழைந்த நிலை. சீக்கிரமே வறண்ட சூட்டில் வைத்தால் கருமை திரும்பும். ஆனால் உள்ளே குருணைகள் கலைந்து மீண்டும் சேர்ந்திருக்கும், ஊசித்துளைகள் வந்திருக்கும். நிறம் திரும்பிவிட்டதே என்று அதன்மேல் அடுத்த அடுக்கைப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அறிகுறி: ஊசி ஊசியாகப் படிகம், நடுவே வெற்றுக் கண்ணாடி

ஆன்டிசால்வென்ட் படலத்தில் படவே இல்லை, அல்லது மிகவும் தாமதம். சில நேரம் டிஎம்எஸ்ஓ சேர்க்க மறந்த வெறும் டிஎம்எஃப் கரைசல். வேறு பெரிய மர்மம் எதுவும் இல்லை.

அறிகுறி: வால்மீன் கோடுகள், வட்டங்கள், ஒரு பக்கம் மட்டும் நல்ல படலம்

கோடு தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி இருந்தால் அது தூசி அல்லது கரையாத துகள். வடிகட்ட 0.45 அல்லது 0.2 மைக்ரோமீட்டர் பிடிஎஃப்இ வடிகட்டி மட்டும். பிவிடிஎஃப், செல்லுலோஸ் அசிட்டேட் வடிகட்டிகள் டிஎம்எஃப்பில் தாமே கரையும். கடையில் பெயர் ஒன்றுபோல் இருப்பதால் உறையை உற்றுப் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் வெள்ளை வட்டம் என்றால் ஆன்டிசால்வென்ட் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நன்றாக வந்தால் பிப்பெட் மையத்தில் இல்லை. முனை கண்ணாடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், நேராக. ஓட்டம் அறுபடாமல் விழ வேண்டும். கை நடுங்குபவர்கள் ஸ்டாண்டில் பிப்பெட்டைப் பொருத்திவிடலாம். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

அறிகுறி: கரைசல் கண்ணாடியில் பரவாமல் உருண்டு நிற்கிறது

சோப்பு நீர், தூய நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்று கழுவி முடித்து, புறஊதா-ஓசோனில் 15 முதல் 20 நிமிடம் வைத்து, உடனே பூச வேண்டும். ஓசோன் முடித்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் கண்ணாடி பழையபடி எண்ணெய்ப் பிசுக்கேறி நிற்கும். எலக்ட்ரானைக் கடத்தும் டின் ஆக்சைடு அடுக்குக்கும் இதே விதி. நேர்மின்சுமையைக் கடத்தும் பாலிமரான பிடிஏஏ போன்ற, நீரை வெறுக்கும் அடுக்கின்மேல் பூசுபவர்கள், முதலில் வெறும் டிஎம்எஃப்பை ஒரு முறை சுழற்றி நனைத்துவிட்டு, அடுத்து கரைசலைச் சொட்டினால் பரவும்.

கையுறையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய நைட்ரைல் கையுறையை டிஎம்எஃப் சில நிமிடங்களிலேயே ஊடுருவும். அதில் கரைந்திருப்பது ஈயம். சொட்டு பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். அதிக அளவில் கையாளும்போது பியூட்டைல் ரப்பர் கையுறை போடுங்கள். கழிவுக் கரைசலும், துடைத்த காகிதமும், உடைந்த கண்ணாடியும் ஈயக் கழிவுப் புட்டிக்கே போக வேண்டும். கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பி வாழும் ஊரில் சிங்க்கில் ஊற்றுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

அறிகுறி: கரைசல் நிறம் மாறிவிட்டது

புதுக் கரைசல் தெளிந்த மஞ்சள். நாட்கள் ஏற ஏற ஆரஞ்சாகி, பிறகு சிவக்கத் தொடங்கினால், அயோடைடு காற்றுப் பட்டு அயோடினாக மாறிவருகிறது என்று பொருள். கூடவே மெத்தில் அம்மோனியம் தன் புரோட்டானை இழந்து மெத்தில் அமீனாகிறது. ஃபார்மமிடினியமும் சேர்ந்த கலவை என்றால் அந்த அமீன் அதோடு வினைபுரிந்து வேறொரு பொருளையே உண்டாக்கிவிடும். டிஎம்எஃப்பும் நீரும் அமிலமும் சேர்ந்த இடத்தில் தன் பங்குக்கு உடைந்து டைமெத்தில் அமீன் தரும். அதாவது இரண்டு வாரம் பழகிய கரைசலில், நீங்கள் நிறுத்துப் போட்ட விகிதம் இல்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. சில மணி நேரம் வைத்திருந்த கரைசல், அப்போதே கலக்கியதைவிட நல்ல படலம் தருவதும் நடக்கும். இது உண்மையான கரைசல் அல்ல. உள்ளே லெட் அயோடைடின் கூழ்மத் துகள்கள் மிதக்கின்றன. அவைதாம் படிகக் கருவுக்கு வித்து. கலக்கி முடித்ததும் அவற்றின் அளவு நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆகையால் கரைசலுக்கு ஒரே வயதை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்: இரவில் கலக்கி மறுநாள் காலையில் பூசுவது என்றால் எப்போதும் அப்படியே. புட்டியில் நாளும் நேரமும் எழுதாத கரைசலைத் தொடக் கூடாது, அது ஆய்வகத்தில் மூத்த அண்ணன் கலக்கியதாகவே இருந்தாலும்.

அடியில் மஞ்சள் தூள் படிந்திருந்தால் 60 டிகிரியில் சூடாக்கிப் பாருங்கள். கரைந்தால் அது குளிரால் வந்தது. கரையாவிட்டால் லெட் அயோடைடின் தூய்மையைச் சந்தேகிக்க வேண்டும். அப்படியே வடிகட்டிப் பயன்படுத்தினால் வடிகட்டித் தாளில் தங்கியது எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது.

அறிகுறி: படலம் அழகு, ஆனால் ஜே-வி வளைவு மோசம்

இங்கேதான் மீட்டருக்கு வருகிறோம். மின்னழுத்தம் மாற மாற மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடுதான் ஜே-வி வளைவு. மெத்தில் அம்மோனியம் கலத்தில் நல்ல அளவீடு என்றால் திறந்த சுற்று மின்னழுத்தம் 1.0 முதல் 1.1 வோல்ட், குறுக்குச் சுற்று மின்னோட்டம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 23 மில்லியாம்பியர், ஃபில் ஃபேக்டர் (வளைவு செவ்வகத்துக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்னும் அளவு) 0.75-ஐ ஒட்டி. மின்னோட்டம் 24-ஐத் தாண்டினால் மகிழ்வதற்கு முன் விளக்கின் அளவமைப்பையும், கலத்தின் பரப்பை வரையறுக்கும் மறைப்புத் தகட்டையும் பாருங்கள். தகடே போடாமல் அளந்த எண்கள் உலகில் நிறைய உலவுகின்றன.

மின்னழுத்தம் குறைவு, கூடவே வளைவின் தொடக்கம் தட்டையாக இல்லாமல் சரிகிறது என்றால் கசிவுப் பாதை. ஊசித்துளை வழியே மேல் மின்வாய் கீழடுக்கைத் தொட்டிருக்கிறது. இருட்டில் ஒரு முறை அளந்தால் உறுதியாகும். துத்தநாகத் தூளும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொண்டு கண்ணாடியின் மின்கடத்தும் பூச்சான எஃப்டிஓவை அரித்த ஓரம் சுத்தமாக இல்லாவிட்டாலும் இதே அறிகுறிதான். மல்டிமீட்டரை இரு பக்கமும் வைத்து முதலிலேயே பார்த்துவிடலாம்.

வளைவின் தொடக்கம் தட்டையாகவே இருந்து மின்னழுத்தம் மட்டும் குறைந்தால் துளை இல்லை. படிகத்தின் உள்ளேயோ எல்லைகளிலோ மின்சுமைகள் வீணாகச் சேர்ந்து அழிகின்றன. பழைய கரைசல், அதிக அனீலிங், மீந்த டிஎம்எஸ்ஓ, இந்த வரிசையில் தேடுங்கள். மின்னோட்டம் மட்டும் குறைவு என்றால் பெரும்பாலும் படலம் மெல்லியது: செறிவு குறைந்திருக்கும், அல்லது சுழல்வேகம் கூடியிருக்கும். கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிவப்பாக ஒளி தாராளமாகத் தெரிந்தால் தடிமன் போதாது.

வளைவு ஆங்கில எஸ் எழுத்தாக வளைந்தால் பெரோவ்ஸ்கைட்டைக் குறை சொல்லாதீர்கள். ஏதோ ஓர் இடைமுகத்தில் மின்சுமைக்குத் தடுப்பு இருக்கிறது. பெரோவ்ஸ்கைட்டுக்கும் மேல் மின்வாய்க்கும் நடுவே நேர்மின்சுமையைக் கடத்தும் ஸ்பைரோ அடுக்கு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு இன்னும் வினைபுரிந்து முடிக்கவில்லை என்பதே வழக்கமான காரணம். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், ஈரம் வேண்டாம். நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே வரும். அதிலுள்ள லித்தியம் உப்பு காற்றின் ஈரத்தை ஆவலாக உறிஞ்சும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில், வெறும் காற்றோடு, ஓர் இரவு வைத்தால் போதும்.

முன்னோக்கி (மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே) அளந்தால் ஒரு திறன், பின்னோக்கி (இறக்கிக்கொண்டே) அளந்தால் வேறொன்று என்பது ஹிஸ்டெரிசிஸ். படிகத்துக்குள் அயோடைடு அயனிகள் நகர்வதும், இடைமுகங்களில் மின்சுமை சிக்குவதும் சேர்ந்து செய்யும் வேலை. பின்னோக்கி அளந்த பெரிய எண்ணை மட்டும் அட்டவணையில் போடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. அதிகபட்சத் திறன் தரும் மின்னழுத்தத்தில் கலத்தைப் பிடித்து வைத்து, சில நிமிடம் கழித்து எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் திறன்.

அறிகுறி: முதல் நாள் நன்றாக ஓடிய கலம் ஒரு வாரத்தில் செத்துவிடுகிறது

வெள்ளி மின்வாய் என்றால் அதன் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் பாய்ந்திருந்தால் அயோடைடு ஸ்பைரோவின் ஊசித்துளைகள் வழியே ஏறி வெள்ளியைத் தின்றிருக்கிறது. தங்கம் இதைத் தாங்கும், நம் பை தாங்காது. கார்பன் பசையை மின்வாயாகத் திரை அச்சு முறையில் பூசுவதையே நம் பக்கத்து ஆய்வகங்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். வெற்றிட ஆவிப்பூச்சு எந்திரம் வேண்டாம், ஸ்பைரோ வேண்டாம், தடித்த கார்பனே ஈரத்துக்கு ஓரளவு வேலி. திறன் எண் குறையும்தான். ஆனால் புதன்கிழமை அளந்த கலம் அடுத்த புதனும் ஓடினால்தான், கரைசலில் செய்த மாற்றம் பலித்ததா என்று ஒப்பிடவே முடியும்.

மூடாத கலத்தை மாடியில் வெயிலில் வைத்துச் சோதிப்பதில் பொருள் இல்லை. மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு ஏறத்தாழ 55 டிகிரியில் தன் படிக அமைப்பையே மாற்றிக்கொள்ளும். நெய்வேலி வெயிலில் கூரைமேல் பலகை அந்தச் சூட்டைச் சாதாரணமாகக் கடக்கும். முதலில் இன்னொரு கண்ணாடியை மேலே வைத்து, ஓரங்களைப் புறஊதாவில் இறுகும் பசையால் அடையுங்கள். பசையை இறுக்குவதற்கு முன் கலத்தை வறண்ட பெட்டியில் சில மணி நேரம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தையும் உள்ளே சேர்த்தே அடைத்துவிடுவீர்கள். பிறகு ஒரே கரைசலில், ஒரே நாளில் செய்த கலங்களில் பாதியை அடைத்தும் பாதியைத் திறந்தும் இருட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் விழுந்தால் குற்றம் வெளிக்காற்றில் இல்லை. கரைசலுக்கும் அனீலிங்குக்கும் திரும்பிப் போக வேண்டும். திறந்தது மட்டும் விழுந்தால் படலம் நல்லது, மூடி மட்டும் போதவில்லை.